ஒத்தக்கடையில் தகரம் அடித்த அன்று

அவனியாபுரம்
6.7.2020

தாமரைச்செல்விக்கு அப்பா முத்திருளன் எழுதுவது.

நலமா என்று கேட்க இங்கே ஆளில்லாததால் நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிறேன். நலம். மாப்பிள்ளை விக்ரம் கொரோனா வார்டிலிருந்து குணமாகி வீடு திரும்பிவிட்டார் என்றும், இரண்டாம் தேதி உங்கள் வாசல் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். பிரிக்க நான் வரவில்லை. அடிக்கிற வேலைக்கு ஓர் ஆள், பிரிக்கிற வேலைக்கு வேறு ஆள் என்று வைத்திருக்கிறார்கள். நான் அடிக்கிற ஜாதி.

நாலு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. உன் குரலுக்குப் பதிலாக முதலில் ஓர் இருமல் சத்தம் வருகிறது, அப்புறம் ஓர் அம்மா கொரோனாவைப் பற்றி அறிவிக்கிறார். கை கழுவச் சொல்கிறார். நானும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். மரியாதையாகப் பேசுகிறார். இந்த வீட்டில் என்னோடு பேசுகிற பெண்குரல் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

அதனால்தான் கடிதம். போனைப் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் நாலு வரி கண்ணில் பட்டுவிடும் என்று ஒரு கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் போடுகிற கணக்கு, சரியாக இருக்குமென்று சொல்ல முடியாது.

உன் கோபம் எனக்குத் தெரியும். பெற்ற அப்பனே வந்து மகள் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தானே என்று. கேள் தாயி. பட்டறை மூடி மூன்று மாதம். ஷெட் போட யாரும் கூப்பிடவில்லை. இந்த நேரத்தில்தான் நம்ம சிவனாண்டி, கொரோனா வந்த வீடுகளை அடைக்கிற வேலையை ஒப்பந்தம் எடுத்தான். நானும் சேர்ந்தேன். அன்று காலை அவன் கையிலிருந்த தாளில் உன் வீட்டு நம்பர் இருந்தது. மாப்பிள்ளைக்கு வந்திருப்பதே எனக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரியும். நீ சொல்லவில்லை. நான் பயப்படுவேன் என்று மறைத்திருப்பாய்.

மகள் வீடு என்று நான் சிவனாண்டியிடம் மூச்சு விடவில்லை. வேறு ஆள் போனால் கண்டபடி அடைப்பான், நாம் போனால் பதமாக அடைக்கலாம் என்று நினைத்தேன். போய்ப் பார். தகரத்து ஓரத்தை மடக்கி அடித்திருந்தேன், கையைக் கிழிக்காமல் இருக்க. பால் பாக்கெட் வாங்க அடியில் ஒரு சாண் விட்டிருந்தேன். இப்போது போய்ப் பார்க்க முடியாது, பிரித்துவிட்டார்கள். நான் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

ஒரு வரி போடு.

அப்பா

*

ஒத்தக்கடை
13.7.2020

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அத்தை அதன்மேல் சானிடைசர் அடித்து, வெயிலில் ஒருநாள் காய வைத்துக் கொடுத்தார்கள். பாதி வரிகளில் மை பரவிவிட்டது. ஆனாலும் படித்தேன்.

தகரம் அடித்ததில் எனக்குக் கோபமில்லை. நீங்கள் இல்லையென்றால் வேறு யாராவது அடித்திருப்பார்கள். மடக்கி அடித்ததையும் பார்த்தேன். பால் பாக்கெட்டும் உள்ளே வந்தது. அதையெல்லாம் எழுத வேண்டாம்.

ஜூன் பதினெட்டு, காலை பத்து மணி. தொப்பி, முகக்கவசம், பிளாஸ்டிக் சட்டை என்று மூன்று பேர் நின்றீர்கள். யாரென்று தெரியவில்லை. அதில் ஒருவர் முகக்கவசத்தை இறக்கி, நாலு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டார். ஊரில் யாரும் இப்போது அப்படிச் செய்வதில்லை. ஜன்னலில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டேன். பத்தடிகூட இருக்காது. நீங்கள் திரும்பவில்லை. அடுத்த ஆணியை எடுத்தீர்கள்.

ஏன் திரும்பவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

போன் பண்ண வேண்டாம். இந்த வீட்டில் மூன்று பேரும் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறோம். போனில் பேசினால் மூன்று பேருக்குமான பேச்சாகிவிடும்.

தாமரைச்செல்வி

*

அவனியாபுரம்
19.7.2020, ஞாயிறு, முழு ஊரடங்கு

தாமரைக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்டார். பிடித்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிடித்திருந்தால் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் சேர்த்திருப்பார்கள்.

கேட்டதற்குப் பதில். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை தாயி. தகரத்தில் சுத்தியல் விழும்போது பக்கத்தில் வெடி வைத்தாலும் தெரியாது. முப்பது வருஷம் தகரம் தட்டிய காது. உன் அம்மா இருந்தபோதே இதைச் சொல்லிச் சண்டை போடுவாள். "ஒங்க அப்பாவ ரெண்டு தடவ கூப்புட்டாத்தான் ஒரு தடவ கேக்கும்"னு உன்னிடமே சொல்லியிருக்கிறாள். ஞாபகப்படுத்திப் பார்.

வேறு என்ன எழுத? இங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை எழுத நிறைய இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலண்டரில் புதன்கிழமைத் தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டேன். சீக்கிரம் போகட்டும் என்றுதான். அப்புறம் மனசு கேட்கவில்லை, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். அது கோணலாக ஒட்டியதால் புதன்கிழமை முழுக்கக் கழுத்தைச் சாய்த்துத் தேதி பார்த்தேன்.

முன்பெல்லாம் தலைக்கு மேலே விமானம் இறங்கினால் டிவி கேட்காது, திட்டுவேன். இப்போது ஒன்றிரண்டுதான் வருகிறது. சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடுகிறேன். ஒருநாள் கையைக்கூட ஆட்டினேன். எதிர்வீட்டு மாடியில் ஒரு சின்னப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டது. கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிவதுபோல் முடித்துக்கொண்டேன்.

ரேஷன் கடைக்குப் போனேன். சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நான். வெயில் நல்லது என்று நின்றேன். முறை வந்ததும் கடையிலிருந்த பொண்ணு கார்டைப் பார்த்துவிட்டு, "நேத்தே வாங்கிட்டீங்களேண்ணே" என்றாள். "அப்படியா, மறந்துட்டேன்" என்றேன். மறக்கவில்லை.

ரசம் வைக்கப் பழகிவிட்டேன். புளி அதிகமானால் தண்ணீர், தண்ணீர் அதிகமானால் புளி. மூன்று நாளைக்கு வருகிறது.

அப்பா

*

ஒத்தக்கடை
28.7.2020

அப்பாவுக்கு,

ரேஷன் கடை வரியைப் படித்துச் சிரித்தேன். அத்தை எட்டிப் பார்த்தார்கள். "பள்ளிக்கூடத்திலிருந்து லெட்டர்" என்றேன். சிரிக்கிற மாதிரி பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் கடிதமும் வந்ததில்லை.

சிரித்ததால் நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் சுத்தியல் சத்தத்தின்போது கூப்பிடவில்லை. நீங்கள் ஆணி எடுக்க நிறுத்தி, மறுபடி சுத்தியலை ஓங்கியபோது கூப்பிட்டேன். உங்கள் கை அப்படியே நின்றது. ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். பிறகுதான் அடித்தீர்கள். கேட்காத ஆளுக்கு எதற்காகக் கை நிற்க வேண்டும்?

என் பாட்டையும் எழுதுகிறேன், நீங்கள் மட்டும்தான் சலித்துக் கிடக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளாமல் இருக்க. இவருக்கு ஆபீஸ் வேலை சாப்பாட்டு மேசையில். காலை ஒன்பதிலிருந்து மீட்டிங். குக்கர் விசில் வந்தால் மீட்டிங்கில் கேட்கிறதாம், "கொஞ்சம் விசில் இல்லாம சமைம்மா" என்கிறார். பருப்பைச் சட்டியில் போட்டு அது எப்போது வேகும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அத்தை பார்த்த சீரியலையே திரும்பப் போடுகிறார்கள், அவர்களும் திரும்ப அழுகிறார்கள். எனக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தரைக்குப் பாடம். போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து நடத்துகிறேன். நேற்று, "இன்னைக்கு என்ன கிழமை, யார் சொல்லுவா?" என்று கேட்டேன். பாடம் என்று நினைத்து நாலு பிள்ளைகள் கை தூக்கின. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை அப்பா.

அடைபட்டிருந்த பதினாலு நாளும் இப்படித்தான் இருந்தது. தகரம் போனது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தப் பதினாலு நாளும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது, அந்தச் சுத்தியல் மேலே நின்றது ஞாபகம் வரும். வேறு வேலை இருந்தால் மறந்திருப்பேன்.

எனக்கு நல்ல காரணம் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை.

தாமரைச்செல்வி

*

அவனியாபுரம்
6.8.2020

தாயி,

கேட்டது.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். மேலே எழுதலாமா, இதையே மடித்து அனுப்பலாமா என்று. மடித்தும் பார்த்தேன். ரொம்ப லேசாக இருந்தது.

நீ கூப்பிட்டதும் பக்கத்தில் கம்பு பிடித்திருந்த பேச்சிமுத்து என்னைப் பார்த்தான். "அண்ணே, அந்தப் பொண்ணு ஒங்களையா கூப்புடுது?" என்றான். "இல்லப்பா, வீட்டுக்குள்ள யாரையோ கூப்புடுது" என்றேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன். நீ பார்த்த அந்த நிற்றல், இந்தப் பொய்யைச் சொல்ல ஆன நேரம்.

ஆமாம் என்றிருந்தால் சிவனாண்டி என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருப்பான். மே மாதத்தில் ஒருத்தரை அப்படித்தான் அனுப்பினான், அவர் தங்கச்சி வீட்டில் வந்துவிட்டது என்று. பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன் என எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வயிற்றுக்காகச் செய்தான் என்றால் நீ கொஞ்சம் இறங்கி வருவாய். ஆனால் அந்த ஆளுக்கு சிவனாண்டி கூலியை நிறுத்தவில்லை. அரிசி பருப்பு வாங்கிப் போய் வாசலில் வைத்தான். எனக்கும் செய்திருப்பான். அதனால் அந்தக் காரணமும் கிடையாது.

நான் பயந்தது வேனுக்கு.

காலையில் தகரத்தை ஏற்றி, அதன்மேல் நாலு பேர் உட்கார்ந்து போவோம். இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார்கள், வேனில் எங்கே விடுவது. வளைவில் பேச்சிமுத்து தோள் என் தோளில் இடிக்கும். அவன் மாமியாரைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறான், அவள் ஆட்டுக்குட்டிக்கு முகக்கவசம் கட்டிவிட்டாள் என்று. தினமும் அதையே சொல்வான். தினமும் சிரிப்போம். மார்ச் மாதக் கடைசியிலிருந்து வேலைக்குச் சேர்ந்த நாள் வரை என் மேல் ஓர் ஆள் இடித்ததில்லை தாயி. கடைக்காரன்கூடச் சில்லறையைத் தட்டில் வைத்துத் தள்ளினான். பகலில் இரண்டு தடவை படுப்பேன். எழுந்தால் சாயங்காலமா விடியற்காலையா என்று தெரியாது. வாய் திறந்து பேசி மூன்று நாள் ஆன பிறகு ஒருநாள் பால்காரரிடம் பேசப்போனால் குரல் வரவில்லை, இருமல்தான் வந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

மறுபடி அந்த வீட்டுக்குள் பதினாலு நாள் என்றதும் என்னால் முடியாது என்று தோன்றியது. என் மகளால் முடியும் என்று தோன்றியது. அவ்வளவுதான். உன்னை உள்ளே வைத்து அடைத்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். திரும்பும்போது பேச்சிமுத்து அந்த ஆட்டுக்குட்டிக் கதையை ஆரம்பித்தான். நான் சிரித்தேன்.

எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. இப்போது அடைக்கிற வேலையும் நின்றுவிட்டது, ஒரு மாதமாக வேனும் இல்லை. பயந்தது வீண். வீட்டில்தான் இருக்கிறேன்.

அப்பா

*

அவனியாபுரம்
16.8.2020

தாமரைக்கு,

பத்து நாள் ஆச்சு. தபால் தாமதமாக இருக்கும் என்று தபால் ஆபீஸில் போய்க் கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லீங்க, ரெண்டு நாள்ல போயிரும்" என்று ஆறுதல் சொன்னார்கள். அது எனக்கு எப்படி ஆறுதலாகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

பதில் வேண்டும் என்று எழுதவில்லை. இங்கே நேற்று மழை பெய்தது. அதைச் சொல்லத்தான்.

அப்பா

*

ஒத்தக்கடை
22.8.2020

அப்பாவுக்கு,

கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உங்களைத் திட்டி நாலு வரி வரும். ஐந்தாவது வரியில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கிழித்துவிடுவேன்.

நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன். கவனித்தீர்களா? உங்கள் காதைப் பற்றி எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை.

நான் கூப்பிட்டது கேட்டு அத்தை அடுப்படியிலிருந்து வந்தார்கள். "ஆரக் கூப்புட்ட?" என்றார்கள். "பால்காரர" என்றேன்.

எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடி என்று தெருவே நின்று எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதோடு, அடைக்க வந்திருப்பது இவள் அப்பா என்று வேறு சேர வேண்டுமா என்று நினைத்தேன். அத்தை என்ன சொல்வார்களோ என்றும் நினைத்தேன். ஒரு நொடிதான். அந்த நொடியில் நீங்கள் திரும்பியிருந்தால் நான் ஜன்னலைச் சாத்தியிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை அப்பா. நீங்கள் திரும்பாதது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு மாதமாக உங்கள்மேல் கோபமாகவே இருக்க முடிந்தது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அது முடியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"அத்தை, அன்னைக்கு நம்ம வாசல்ல தகரம் அடிச்சது எங்கப்பா."

"என்னைக்கு?"

"நம்மள அடைச்ச அன்னைக்கு."

உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். "பால்காரருன்னு சொன்ன?"

"ஆமா."

"பாவி மகளே. ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறீகளான்னு கேக்காம அனுப்பிருக்கமே. அந்த வெயில்ல."

"நாம கேட்டாலும் குடிக்க முடியாது அத்தை. நம்ம வீட்டுத் தண்ணி."

"குடிக்கிறது வேற. கேக்குறது வேறடி."

சாப்பாட்டு மேசையிலிருந்து இவர் காதில் இருந்ததைக் கழற்றினார். "மாமாவா?" என்றார். அப்புறம், "மைக்கு ஆன்ல இருக்கு, கொஞ்சம் மெதுவா" என்றார். அவர் ஆபீஸில் எட்டுப் பேருக்கு இப்போது உங்களைத் தெரியும்.

அன்று அத்தை என்னோடு அதிகம் பேசவில்லை. தகரத்துக்காக இல்லை, பால்காரருக்காக. விளக்கு வைக்கும்போதுதான், "அந்த மனுசன் அங்கன ஒத்தையில கெடந்து என்னத்தத் திங்கிறாரு?" என்று கேட்டார்கள். ரசம் பற்றிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒன்றாம் தேதியிலிருந்து பஸ் விடுவார்கள் என்று பேச்சு. விட்டால் வாருங்கள். வந்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. ஆனாலும் வாருங்கள்.

தாமரை

*

அவனியாபுரம்
4.9.2020

தாமரைக்கு அப்பா எழுதுவது.

நேற்று வந்துவிட்டு இன்று கடிதம் எழுதுகிறவனைப் பார்த்துத் தபால்காரரே சிரிப்பார். இருந்தாலும் நேரில் சொல்ல வராதது ஒன்று இருக்கிறது.

பெரியார் பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ், மாட்டுத்தாவணியில் ஒரு பஸ். இரண்டு பேர் சீட்டில் ஒருவர்தான். பக்கத்து இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அதற்கு டிக்கெட் எடுக்கச் சொல்லவில்லை.

உங்கள் தெருமுனையில் வந்ததும் கால் நின்றுவிட்டது. தகரம் ஏற்றிய வேனில் வந்தபோது இவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நான் நின்றதைச் சம்பந்தியம்மாதான் முதலில் பார்த்தார்கள். "வாங்கண்ணே. உள்ள வாங்க. அடைக்க வரும்போது மட்டுந்தான் வாசலுக்கு வருவீகளா" என்றார்கள். அடி விழுந்ததுபோல் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நீ வந்தாய். "வாங்கப்பா" என்றாய். கையைக் கழுவச் சொன்னாய். கழுவினேன். நான் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் இரண்டு மூன்று வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். நீ துண்டை நீட்டியபோது அதில் ஒன்றும் மிச்சமில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். "பஸ்ல கூட்டமா?" என்றாய். "கூட்டமில்ல" என்றேன்.

அப்புறம் வராந்தாவில் நாற்காலி போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். தள்ளித் தள்ளித்தான். சம்பந்தியம்மா சீரியல் கதையைச் சொன்னார்கள். எனக்கு ஆட்கள் பெயர் குழம்பியது, கேட்கவில்லை. மாப்பிள்ளை உள்ளே இங்கிலீஷில் யாருக்கோ சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவரைக்காய் கிள்ளினாய். யானைமலைப் பக்கம் மேகம் வந்து நின்றது, பெய்யவில்லை. பேச்சு பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது. ஒரு மணி நேரம் இருக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வருவதாகவே இல்லை.

நீ கொட்டாவி விட்டாய். உன்னைப் பார்த்துச் சம்பந்தியம்மா விட்டார்கள். முகக்கவசத்துக்குள் நானும் விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, கொட்டாவி விட்டால் வருமே, அது. யாரும் பார்க்கவில்லை.

வருகிற வியாழக்கிழமையும் வரட்டுமா? பேச எதுவும் கொண்டுவர மாட்டேன்.

அப்பா